ரதம் இழுக்கும் ஃபெர்குசனுக்கு எந்த ஆயில்?

எங்கள் பழைய ஃபெர்குசன் டிராக்டருக்கு வருஷத்தில் ஒரு நாள்தான் உருப்படியான வேலை. தைப்பூசக் காவடியன்று முருகன் ரதத்தை இழுக்கும். மற்ற நாளெல்லாம் தென்னாப்பிரிக்காவின் டோங்காட் பக்கம் எங்கள் கரும்புக் கொல்லை ஓரத்துத் தகரக் கொட்டகையில் தார்ப்பாய் போர்த்திக்கொண்டு நிற்கும். தை மாதம் என்றால் தமிழ்நாட்டில் பனி. இங்கே நட்டாலில் அது கொளுத்தும் கோடை. தார் ரோட்டில் காவடிக்காரர்களின் நடைக்கு ஈடாக, நின்று நின்று, மூன்று மணி நேரம் உருள வேண்டும்.

இந்த வருஷம் பூசத்துக்கு இரண்டு வாரம் முன்பு ஆயில் மாற்ற உட்கார்ந்தோம். பெரியப்பா ஒரு டின் கொண்டுவந்தார்: எஸ்ஏஇ 30, டிடர்ஜென்ட் கலக்காதது. அவர் மகன் ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து லீவில் வந்திருந்தான். பாக்கியின் (இங்கே பிக்கப் வண்டிக்கு அதுதான் பெயர்) பின்னாலிருந்து அவனும் ஒரு டின்னை இறக்கினான்: 5டபிள்யூ-30, முழு சிந்தெடிக். விலை பெரியப்பாவுடையதைப் போல மூன்று மடங்கு.

"கையேட்டுல முப்பதுன்னு போட்டிருக்கு. முப்பது ஊத்தணும். அவ்வளவுதான்."

"என்னோடதும் முப்பதுதாம்ப்பா."

"அதுல முன்னால அஞ்சு இருக்கேடா, தண்ணி மாதிரி ஓடிடும்."

என்னைக் கேட்டால் இரண்டு டின்னுமே வேண்டாம் என்பேன். கேட்டார்கள், 15டபிள்யூ-40 போதும் என்று சொன்னேன், இரண்டு பேருமே முறைத்தார்கள். அங்கே அரைகுறையாகச் சொன்னதை இங்கே முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதலில் வண்டி. ஹாரி ஃபெர்குசனின் டிஇ-20 வகை டிராக்டர்கள் 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தின் கோவென்ட்ரியில் ஐந்து லட்சத்துக்கு மேல் செய்யப்பட்டன. சாம்பல் நிறம். அந்த நிறத்தை வைத்துத்தான் ஆப்பிரிகான்ஸ் விவசாயிகள் அதற்கு 'ஃபால்யாப்பி' என்று செல்லப்பெயர் வைத்தார்கள். 1860 நவம்பரில் மதராஸிலிருந்து ட்ரூரோ கப்பலில் டர்பனுக்கு வந்திறங்கிய ஒப்பந்தக் கூலிகள் கரும்பு வெட்டியதெல்லாம் கைக்கத்தியால். அவர்கள் பேரப்பிள்ளைகளில் துண்டு நிலம் வாங்கிக் கரும்பு போட்ட சிலருக்கு முதல் டிராக்டராக வாய்த்தது, யாரோ ஓட்டித் தேய்த்த ஒரு ஃபால்யாப்பிதான். எங்கள் தாத்தா வாங்கியதும் அப்படி ஒரு மூன்றாம் கை வண்டி.

ஃபால்யாப்பி என்றால் ஒரே இன்ஜின் என்று நினைத்துவிடக் கூடாது. ஆரம்பத்தில் வந்தவற்றில் அமெரிக்காவின் கான்டினென்டல் இன்ஜின் இருக்கும். அப்புறம் வந்தவற்றில் ஸ்டாண்டர்டு கம்பெனியின் சொந்த இன்ஜின். அதிலும் பெட்ரோலில் ஓடுவது உண்டு, பாரஃபினில், அதாவது மண்ணெண்ணெயில், ஓடுவது உண்டு, 1951 முதல் டீசலும் உண்டு. எந்த ஆயில் என்று கேட்கிறவர் முதலில் தன் வண்டி இதில் எது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். எங்களுடையது பெட்ரோல்.

இனி அந்த முப்பது. எஸ்ஏஇ எண் என்பது ஆயிலின் தரம் இல்லை, தடிமன் மட்டுமே. ஆயிலை 100 டிகிரிக்குச் சூடாக்கி அளக்கிறார்கள். தடிமனுக்கான அலகு சென்டிஸ்டோக். 9.3 முதல் 12.5 சென்டிஸ்டோக்குக்குள் நின்றால் 30. அதற்கு மேல் 16.3 வரை 40. அதையும் தாண்டி 21.9 வரை 50. டபிள்யூ என்பது விண்டரின் முதல் எழுத்து. அதற்கு முன்னால் நிற்கும் எண், கடுங்குளிரில் இன்ஜின் சுற்றுமா என்று பார்க்கிற தனிச் சோதனை. 5டபிள்யூவுக்கு மைனஸ் 30 டிகிரியில், 15டபிள்யூவுக்கு மைனஸ் 20-இல், 20டபிள்யூவுக்கு மைனஸ் 15-இல். டோங்காட்டில் ஜூலை ராத்திரி 10 டிகிரி என்றாலே ஸ்வெட்டர் தேடுகிறோம். நட்டாலின் உள்பக்கம் மிட்லண்ட்ஸ் மேட்டில் பனி உறையும், அங்கேயும் 20டபிள்யூ தாராளமாகப் போதும். ஆக நட்டாலில் அந்த முன் எண்ணைப் பார்த்துக் கவலைப்பட ஒன்றுமே இல்லை.

வேடிக்கை என்னவென்றால், பெரியப்பாவின் டின்னும் மகனின் டின்னும் இன்ஜின் சூடானபின் கிட்டத்தட்ட ஒரே தடிமன்தான். இரண்டுமே 30. மகன் சொன்னதில் தப்பில்லை. ஆனால் பெரியப்பாவைப் போன்றவர்கள் 15டபிள்யூ-40-ஐயும் 'தண்ணி' என்று ஒதுக்குகிறார்களே, அதுதான் தப்பு. கடையில் கிடைக்கிற சாதாரண 15டபிள்யூ-40 ஆயில் 40 டிகிரி வெப்பத்தில் எஸ்ஏஇ 30-ஐ விட நீர்த்துப் போவதில்லை. ஏறக்குறைய அதே தடிமன், பல சமயம் ஒரு பிடி கூடவே. இன்ஜின் சூடானபின் அது நிச்சயம் கெட்டி. சூட்டில் விரிகிற ஒரு பாலிமரை அதில் கலந்திருக்கிறார்கள், அது பார்த்துக்கொள்ளும். இப்படி இரட்டை எண் போட்ட மல்டிகிரேடு ஆயில் சகஜமாகாத காலத்தில் எழுதிய கையேடு, குளிருக்கு 20, வெயிலுக்கு 30, இன்னும் சூடான தேசத்துக்கு 40 என்று பிரித்துப் பிரித்துச் சொன்னது. மல்டிகிரேடு அதை ஒரே டின்னில் அடக்கிவிட்டது.

அப்படியானால் 5டபிள்யூ-30 சிந்தெடிக்கில் என்ன குறை? கெடுதல் செய்யும் என்று சொல்ல மாட்டேன். பழைய இன்ஜினில் கயிற்று சீலும் கார்க் கேஸ்கெட்டும்தான். கெட்டி ஆயிலே அதன் வழியாகக் கசியும், இது இன்னும் சுலபமாக வழி கண்டுபிடிக்கும். மைனஸ் 30-க்காகச் செய்த குணத்துக்கு இங்கே வேலையும் இல்லை. சிந்தெடிக்கின் பெரிய லாபம், நெடுநாள் மாற்றாமல் ஓட்டலாம் என்பது. இந்த வண்டியில் ஆயில் கெடுவது ஓடி ஓடி இல்லை, நின்று நின்று. எப்படியும் வருஷத்துக்கு ஒரு தடவை வடித்துக் கொட்டத்தான் போகிறோம். மூன்று மடங்கு விலை கொடுத்து எதற்குக் கொட்ட வேண்டும்?

உண்மையான சண்டை டிடர்ஜென்ட் பற்றியது. அந்தப் பெயரே பாதிக் குழப்பத்துக்குக் காரணம். சோப்பு போட்டுத் தேய்த்தாற்போல உள்ளே இருக்கும் அழுக்கையெல்லாம் அது பெயர்த்துவிடும் என்று பயப்படுகிறோம். நிஜத்தில் அதன் முக்கிய வேலை, புதிதாக உண்டாகும் கரியை ஒட்டவிடாமல் ஆயிலிலேயே மிதக்க வைப்பதும், எரிபொருள் எரிவதால் வரும் அமிலத்தை முறிப்பதும். 1930களில் கேட்டர்பில்லர் டீசல் டிராக்டர்களில் பிஸ்டன் ரிங்குகள் கரி பிடித்துப் பள்ளத்திலேயே இறுகிக்கொண்டன. அந்தத் தொல்லைக்கு மருந்தாக வந்ததுதான் டிடர்ஜென்ட் ஆயில். டிராக்டருக்காகவே பிறந்த சரக்கைத்தான் 'டிராக்டருக்கு ஆகாது' என்று பெரியப்பா ஒதுக்குகிறார்.

ஆனால் அவர் பயத்தில் ஒரு நியாயம் உண்டு. டிடர்ஜென்ட் இல்லாத ஆயிலில் அழுக்கு மிதக்காது, அடியில் படியும். முப்பது நாற்பது வருஷம் அப்படியே ஓடிய இன்ஜினின் சம்ப்பில், அதாவது அடியில் ஆயில் தங்கும் தொட்டியில், ஓர் அங்குலத்துக்குக் கருஞ்சகதி உட்கார்ந்திருக்கும். புது ஆயில் அதை ஒரே நாளில் கரைக்காது. ஆனால் ஓரங்களில் இளகி, ஒரு கட்டி பெயர்ந்து, பம்ப்பின் சல்லடை வாயில் போய் உட்கார்ந்தால் போதும், பேரிங்குக்கு ஆயில் நின்றுவிடும். அப்படி ஆகவே ஆகாது என்று யாராலும் சத்தியம் செய்ய முடியாது.

அதனால் முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும். இன்ஜின் தலைமேல் இருக்கும் ராக்கர் மூடியைக் கழற்றுங்கள், சில நட்டுகள்தான். உள்பக்கம் விரலை ஓட்டிப் பாருங்கள். காய்ந்த தேநீர்க் கறை மாதிரி பழுப்பாக, மெல்லிசாக இருந்தால் அந்த இன்ஜின் ஏற்கெனவே டிடர்ஜென்ட் ஆயிலில் ஓடியதுதான். யோசிக்காமல் ஊற்றலாம். விரல் புதைகிற அளவுக்குக் கருப்பாக, ஆறிய வெல்லப்பாகு மாதிரி அப்பியிருந்தால், ஆயிலை எடுப்பதற்கு முன் ஸ்பானரை எடுங்கள். சம்ப்பைக் கழற்றி வழித்துக் கழுவி, சல்லடையையும் சுத்தம் செய்துவிட்டு ஊற்றுங்கள். இந்த மாதிரி டிராக்டருக்குக் காரைப் போலத் தனிச் சட்டகம் (சாஸி) கிடையாது. இன்ஜினும் கியர் பெட்டியும்தான் அதன் முதுகெலும்பு. சம்ப்பில் கை வைக்குமுன் முன்பாரத்தைக் கட்டை கொடுத்துத் தாங்க வேண்டும். இன்னொன்று, பழைய சகதியில் ஈயம் இருக்கலாம். தென்னாப்பிரிக்காவில் ஈயம் கலந்த பெட்ரோல் 2006 வரை விற்றது. கையுறை போட்டுக்கொண்டு வழியுங்கள்.

சுத்தம் செய்து டிடர்ஜென்ட் ஆயில் ஊற்றி பத்து மணி நேரம் ஓட்டினால் ஆயில் கன்னங்கரேலென்று ஆகும். 'பார், கெடுத்துவிட்டது' என்று அப்போது யாராவது வந்து நிற்பார்கள். கறுப்பது நல்லது. இத்தனை நாளும் சுவரில் ஒட்டிய கரி இப்போது ஆயிலோடு வெளியே வருகிறது என்று அர்த்தம். முதல் தடவை மட்டும் சீக்கிரமே வடித்து மாற்றிவிட வேண்டும்.

ஒரே ஒரு இடத்தில் பெரியப்பா கட்சிக்கு நான் பாதி ஓட்டுப் போடுவேன். 1917-இல் வந்த முதல் ஃபோர்ட்சன் போன்ற வண்டிகளில் அழுத்தம் கொடுக்கும் பம்ப்பும் இல்லை, வடிகட்டியும் இல்லை. உள்ளே சுழலும் பாகங்கள் ஆயிலை வாரித் தெளிப்பதுதான் மசகு. அதில் மிதக்கும் அழுக்கைப் பிடிக்க ஆளே கிடையாது, அடியில் படிவதுதான் மேல் என்ற வாதம் செல்லும். அங்கேயும் நான் டிடர்ஜென்ட் ஆயிலை ஊற்றி அடிக்கடி மாற்றத்தான் விரும்புவேன். மாற்ற சோம்பல்படுகிறவர் பழைய வழியிலேயே போகலாம்.

டின்னில் எண்ணைத் தவிர எழுத்தும் இருக்கும், தரம் அதில்தான் இருக்கிறது. ஏபிஐ என்ற அமெரிக்க பெட்ரோலியக் கழகம் போடும் வகைப்பாடு அது. எஸ் என்று தொடங்கினால் பெட்ரோல் இன்ஜினுக்கு, சி என்று தொடங்கினால் டீசலுக்கு. எஸ்-க்குப் பின் வரும் எழுத்து நகர நகர ஆயில் புதுசு. ஆக, எஸ்ஏ என்பது இருப்பதிலேயே பழையது, எந்த மருந்தும் கலக்காத வெறும் எண்ணெய். 1930-க்குப் பின் வந்த பெரும்பாலான பெட்ரோல் இன்ஜின்களுக்கு அது ஆகாது என்று அந்தக் கழகமே சொல்கிறது. எஸ்பி 1951-க்குப் பின் வந்தவற்றுக்கு ஆகாது. எஸ்ஏ என்பதைப் பார்த்து 'சவுத் ஆப்பிரிக்கா சரக்கு, நம்ம ஊர்து' என்று வாங்கி வந்தவரை எனக்குத் தெரியும். பெரியப்பாவின் டின்னைத் திருப்பிப் பார்த்தால் பின்னால் பொடி எழுத்தில் அதே எஸ்ஏ. எங்கள் வண்டி 1930-க்கு இருபது வருஷத்துக்குப் பின் பிறந்தது.

துத்தநாகம் பற்றியும் கேட்பார்கள். துத்தநாகமும் பாஸ்பரஸும் சேர்ந்த ஒரு கூட்டுப்பொருள், சுருக்கமாக ஸெட்டிடிபி, வால்வுகளை இயக்கும் கேம்ஷாஃப்ட்டும் டேப்பெட்டும் உரசுமிடத்தில் ஒரு மெல்லிய தோல் மாதிரி படிந்து தேய்மானத்தைத் தடுக்கும். பாஸ்பரஸ் கார் புகைக்குழாயிலுள்ள கேட்டலிட்டிக் கன்வெர்டரைப் பாழாக்குகிறது என்று 2004-இல் 30-உம் அதற்குக் கீழும் உள்ள மெல்லிய கிரேடுகளில் அதை 0.08 சதவீதத்துக்குக் குறைத்தார்கள். உடனே பழைய வண்டிக்காரர்கள் நடுவே பீதி. துத்தநாகம் தனியே புட்டி புட்டியாக விற்பனை. இந்தப் பயம் டிராக்டருக்கு ரொம்ப அதிகம் என்பது என் கட்சி. பந்தயக் காரின் வால்வு ஸ்பிரிங் கேம்மை அழுத்துவது வேறு, நிமிஷத்துக்கு 2000 சொச்சம் சுற்றில் அடங்கிவிடும் ஃபெர்குசனின் ஸ்பிரிங் அழுத்துவது வேறு. அப்படியும் மனசு கேட்காவிட்டால் 15டபிள்யூ-40, 20டபிள்யூ-50 போன்ற கிரேடுகளுக்கு அந்த 0.08 வரம்பு கிடையாது. டீசல் ஆயில்களில் அந்த மருந்து எப்போதும் தாராளம். புட்டிக்குப் போகிற காசை ஃபில்டருக்குச் செலவழிக்கலாம்.

பெட்ரோல் இன்ஜினுக்கு டீசல் ஆயிலா என்று யோசிக்க வேண்டாம். சிஐ-4 என்ற 2002-ஆம் வருஷ டீசல் வகை ஆயில் பலவற்றில் எஸ்எல் என்ற பெட்ரோல் முத்திரையும் சேர்ந்தே இருக்கும். எனக்குப் பிடித்தது அதுதான். அமிலத்தை முறிக்கும் காரச் சக்தி அதில் அதிகம். பின்னால் வந்த சிஜே-4, சிகே-4 வகைகள் புதுக்கால லாரிகளின் புகை வடிகட்டியை அடைக்காதபடி சாம்பலைக் குறைத்துச் செய்தவை. கெடுதல் இல்லை, ஆனால் அந்த வடிகட்டி நம் வண்டியில் ஏது? டீசல் மாஸி ஃபெர்குசன் 35, 135 வைத்திருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். இந்த நாட்டில் 500 பிபிஎம் (பத்து லட்சத்தில் 500 பங்கு) கந்தகம் வரை அனுமதித்த டீசல் பங்க்கில் விற்கிறது. கந்தகம் கூடினால் அமிலமும் கூடும், அந்தக் காரச் சக்திக்கு அங்கே வேலை இருக்கிறது.

பாரஃபின் ஃபெர்குசன் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. அதைப் பெட்ரோலில் கிளப்பி, நன்றாகச் சூடானபின்தான் பாரஃபினுக்குத் திருப்ப வேண்டும். அவசரப்பட்டால் பாரஃபின் எரியாமல் சிலிண்டர் சுவர் வழியே வழிந்து சம்ப்பில் சேரும். டிப்ஸ்டிக்கில் ஆயில் அளவு ஏறிக்கொண்டே போகும். 'பரவாயில்லையே, ஆயிலே குடிக்கவில்லை' என்று சந்தோஷப்படக் கூடாது. கம்பியை மூக்கருகில் கொண்டுபோனால் அடுப்பு வாடை அடிக்கும். இப்படி நீர்த்துப்போகும் வண்டியில் எந்த உயர்ந்த ஆயிலும் தாங்காது. மலிவான 15டபிள்யூ-40-ஐ அடிக்கடி மாற்றுவதே மருந்து.

இப்போது ரதத்துக்கு வருகிறேன். கையேடு எழுதியவர் மனதில் இருந்தது, நாள் முழுக்கக் கலப்பை இழுத்து நன்றாகச் சூடேறி ஓடும் இன்ஜின். எங்கள் வண்டியின் வாழ்க்கை அதற்கு நேர் எதிர். வருஷம் பூராவும் கடற்கரைக் காற்றின் ஈரத்தில் நிற்கிறது. மாதத்துக்கு ஒரு தடவை யாராவது 'பேட்டரி இறங்கிடும்' என்று ஐந்து நிமிஷம் கிளப்பி அணைப்பார்கள். அந்த ஐந்து நிமிஷம்தான் மிக மோசம். இன்ஜின் சூடாவதற்குள் நின்றுவிடுவதால், எரிந்ததில் உண்டான நீராவி உள்ளேயே குளிர்ந்து ஆயிலோடு கலக்கும். ஆயில் ஊற்றும் மூடியைத் திறந்தால் அடியில் தயிர் மாதிரி வெள்ளையாக ஒட்டியிருக்கும். கிளப்பினால் அரை மணி நேரமாவது பாரம் கொடுத்து ஓட்டுங்கள், இல்லையென்றால் தொடவே தொடாதீர்கள்.

ஊர்வலத்தன்று நேர்மாறான கஷ்டம். வெயில், நடை வேகம், தவில் நின்றால் வண்டியும் நிற்கும், தேங்காய் உடைத்து ஆரத்தி எடுக்கும் வீட்டு வாசலிலெல்லாம் ஐடிலில் உறுமிக்கொண்டு கிடக்கும். ஆயில் நீர்த்து, பம்ப்பும் மெதுவாகச் சுற்ற, அழுத்தம் காட்டும் முள் சரிய ஆரம்பிக்கும். போன வருஷம் கோயில் திருப்பத்தில் அந்த முள் கிட்டத்தட்டப் படுத்தேவிட்டது. எனக்குக் காவடி கண்ணில் படவில்லை, முள் மட்டும்தான் தெரிந்தது. தேய்ந்த பேரிங் உள்ள இன்ஜினில் சூட்டில் 30-க்கும் 40-க்கும் உள்ள வித்தியாசம் இந்த நேரத்தில்தான் தெரியும். அதனால்தான் 15டபிள்யூ-40 கேட்டேன். இன்னும் தேய்ந்தது என்றால் 20டபிள்யூ-50. அதற்கு மேல் கெட்டியாகப் போவது நோயை மறைப்பதுதான், பேரிங்கைப் பார்க்க வேண்டிய நேரம் வந்துவிட்டது.

பின்னால் இருக்கும் கியர் பெட்டிக்கு இந்த ஆயில் கணக்கு எதுவும் பொருந்தாது. ஃபெர்குசனில் கியர், பின் அச்சு, ஹைட்ராலிக் மூன்றுக்கும் ஒரே ஆயில்தான். பழைய பெட்டிகளில் வெண்கலப் புஷ்கள் இருக்கலாம், ஆகவே கியர் ஆயில் வகைகளில் ஜிஎல்-5 முத்திரை உள்ளதைத் தவிர்த்து ஜிஎல்-4 வாங்கினால் வம்பு இல்லை.

எப்போது மாற்றுவது என்பதில்தான் வீட்டில் கடைசிச் சண்டை. ரதத்துக்கு முன்னால் மாற்றுவது எங்கள் வழக்கம், சாமி காரியத்துக்குப் புது எண்ணெய் என்று. எனக்கு அது தலைகீழாகப் படுகிறது. ஊர்வலம் முடிந்த ஆயிலில் எரியாத பெட்ரோல், ஈரம், அமிலம் எல்லாம் சேர்ந்திருக்கும். அதை உள்ளே வைத்து அடுத்த தை வரை பூட்டினால் பதினொரு மாதம் பேரிங் அதில் ஊறும். புது ஆயில் வேண்டியது ஓடும் நாளுக்கு இல்லை, தூங்கும் மாதங்களுக்கு.

இந்த வருஷம் சமரசமாக இரண்டு தடவையும் மாற்றினோம். ரதத்துக்கு முன்பு ஒரு டின் 15டபிள்யூ-40. ஊர்வலம் முடிந்து ரதம் கோயிலுக்குள் போனதும், இன்ஜின் சூடு ஆறுவதற்குள் கொட்டகையில் டிரெயின் பிளக்கைத் திருகினோம். வாளியில் விழுந்த ஆயிலைப் பெரியப்பா விரலில் தொட்டு முகர்ந்தார். ஒன்றும் சொல்லவில்லை, மகனிடம் நீட்டினார். அவனும் முகர்ந்தான். பெட்ரோல் பங்க் வாடை. இரண்டாவது டின்னை ஊற்றி மூடினோம். பழைய ஆயிலை வேலிக் கம்புக்குப் பூசலாம் என்றார் பெரியப்பா, கழிவு ஆயில் வாங்கும் இடத்துக்கே கொண்டுபோனேன். மகனுடைய சிந்தெடிக் அவன் பாக்கிக்கே போயிற்று. பெரியப்பாவின் டின் கொட்டகை அலமாரியில் இருக்கிறது. கரும்புக் கத்திகளுக்குத் துரு ஏறாமல் பூச அதைவிட நல்ல எண்ணெய் கிடையாது என்கிறார்.